சரசக்கா நிரப்பிய பாட்டில்

வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர். நம் பக்கத்தில் 'வாங்க' என்று சொல்லி முடிப்பதற்குள் சொம்பு வந்துவிடும். நல்ல பழக்கம்தானே? அந்த நல்ல பழக்கம் சமீபத்தில் ஒரு தெருவையே கவிழ்க்கப் பார்த்தது.

குமாரபாளையத்தை ஒட்டி ஒரு சாயப்பட்டறை. மூடிப் பல வருடங்களாகிவிட்டது. சாயக் கழிவு நிலத்துக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று ஆராயும் வேலை என் சிநேகிதி கவிதாவுக்கு வந்தது. நிலத்தடி நீர் ஆய்வுதான் அவள் தொழில். வழி காட்டுகிறேன் பேர்வழி என்று நானும் ஒட்டிக்கொண்டேன்.

பட்டறைக்குள் சின்ன மெஷினை வைத்துத் துளை போட்டார்கள். மேலே நல்ல செம்மண். இடுப்பளவு ஆழம் போனதும் மண் கருநீலமாக, நாற்றத்தோடு வந்தது. இந்த மண்ணைத் தாண்டித்தானே பக்கத்து வீட்டு போர்வெல்களுக்குத் தண்ணீர் ஊறுகிறது?

சுவரை ஒட்டிய முதல் வீடு சரசக்காவுடையது. தறி ஓட்டுகிறவர். மருமகள் நிறைமாதம். எந்தத் தெருவில் தண்ணீர் கெட்டிருக்கிறதோ அங்கேதான் முதலில் காவிரிக் குழாய் என்று பேச்சு. சரசக்கா வீட்டு போரை வைத்துத்தான் அந்தத் தெருவின் நிலைமையைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் போன நேரம் கரண்ட் இல்லை. "கரண்ட் வந்ததும் மோட்டார கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டு, இதுல புடிச்சு வைங்கக்கா" என்று கவிதா பாட்டிலைக் கொடுத்தாள். சாயங்காலம் வாங்கிக்கொண்டோம்.

ரிசல்ட் வந்தது. பட்டறைக்குள் போட்ட துளையிலிருந்து எடுத்த தண்ணீர் படுமோசம். சரசக்கா வீட்டுத் தண்ணீர்... சுத்தம்! சுவருக்கு அந்தப் பக்கம் விஷம், இந்தப் பக்கம் அமிர்தமா? இப்படியே ரிப்போர்ட் போனால் தெருவுக்குக் குழாய் வராது. "இது போர் தண்ணியே இல்ல" என்றாள் கவிதா. மறுபடி போனோம்.

சரசக்கா மறைக்கவே இல்லை.

"ஆமாங்க, கேன் தண்ணிதான் புடிச்சு வெச்சேன். மோட்டார் போட்டனுங்க, மஞ்சளா வந்துச்சு. நம்மூட்டுத் தண்ணின்னு பேரெழுதி வெளியூரு கொண்டுபோறீங்க... அந்தக் கருமத்த எப்படிங்க குடுக்கறது? மானம் போயிருமில்லீங்க?"

சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அடங்கியும் போனது. டாக்டரைப் பார்க்கப் போகும்போதுகூட நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லிவிட்டு வருகிற ஆட்கள்தானே நாம்?

"மோசமா இருந்தாத்தாங்கக்கா உங்க தெருவுக்குக் குழாயே வரும்" என்றாள் கவிதா.

"அத அன்னிக்கே சொல்றதுக்கென்னுங்க?"

கவிதா பையிலிருந்து புதுப் பாட்டிலை எடுத்தாள்.

இந்த முறை கவிதாவே மோட்டாரைப் போட்டு, பக்கத்தில் நின்று பிடித்தாள். ரிசல்ட் மோசமாக வந்தது. மோசமான செய்திக்கு நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டது அன்றைக்குத்தான். ரிப்போர்ட்டில் அந்தத் தெருவும் சேர்ந்துவிட்டது. குழாய்தான் இன்னும் வரவில்லை.

ஆனால், அன்றைக்கு இரண்டாவது பாட்டிலோடு கிளம்பிய நேரத்தில் நடந்ததுதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. எங்களுக்கு ஆளுக்கொரு சொம்பு வந்தது. கேன் தண்ணீர். உள்ளே மருமகள், குடத்திலிருந்து போர் தண்ணீரை மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள்.

"கேன் தண்ணிய அவங்களுக்குக் குடுக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டேன்.

"அது வாரவங்களுக்குன்னு வாங்கி வெக்கறதுங்க" என்றார் சரசக்கா. "அவ என்ன, ஊட்டுக்கு வந்த விருந்தாளியா சாமி?"