கையில் பதிந்த வெள்ளை இலை

பிள்ளைகளே, என் மனைவி இறந்த பிறகு வந்த முதல் சாரல் காலத்தில் நான் தனியாகக் குற்றாலம் போனேன். அருவிக்கரையில் எல்லோரும் குடும்பத்தோடு நின்றார்கள். என் துண்டைப் பிடித்துக்கொள்ளக்கூட ஆளில்லை. குளிக்காமலே திரும்பி நடந்தேன்.

எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவர் மறித்தார். "என்ன அண்ணாச்சி, குளிக்காம போறிய? தண்ணி கடிச்சிருமா?"

"துணைக்கு ஆள் இல்ல" என்றேன்.

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். பாறை இடுக்கிலிருந்து ஒரு பெரணி இலையைக் கிள்ளி, என் கையில் வைத்துப் பட்டென்று அடித்தார். இலையின் அடியிலிருந்த வெள்ளைப் பொடி அச்சாகப் பதிந்தது. வெள்ளிப் பெரணி என்பார்கள். கடல் தாண்டி அமெரிக்கப் பக்கம் பிறந்த செடியாம். இப்போது நம் மலையில் ஈரம் கண்ட இடமெல்லாம் முளைக்கிறது.

"துண்டக் குடுங்க, நான் நிக்கேன். போய்க் குளிங்க."

அச்சு அழியாதபடி அந்தக் கையை வெளியே நீட்டிக்கொண்டு குளித்தேன். "அண்ணாச்சி, அந்தக் கைக்கு மட்டும் குளிருதோ?" என்று கரையிலிருந்து கத்தினார்.

தென்காசிப் பேருந்தில் பக்கத்திலிருந்த சிறுமி, "இத யாரு போட்டுவிட்டா?" என்று கேட்டாள். அவர் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

"என் சிநேகிதர்" என்றேன். அப்படிச் சொன்னதும், பூட்டிய வீட்டுக்குத் திரும்பும் பயம் கொஞ்சம் குறைந்தது.