ஆட்டுக்கல்லும் டயர் காற்றும்

ஐம்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம் ஆகியிருந்தபோது, கொல்லங்கோட்டில் நடந்தது இது.

என் கணவர் போட்டோ எடுப்பவர். கடை கிடையாது. பட்டாளத்தில் கழித்துப் போட்ட பழைய லாரியை ஏலத்தில் எடுத்து, அதன் மேல் மரத்தாலும் தகரத்தாலும் ஒரு சின்ன வீடு கட்டியிருந்தார். கட்டில், ஸ்டவ், தண்ணீர் டிரம், படம் கழுவ ஒரு இருட்டறை, எல்லாம் அதற்குள். சித்தூர்ப் பக்கம் சுற்றிவிட்டுக் கோடையில் மூணாறு எஸ்டேட்டுகளுக்கு மலையேறுவார். அந்த வருஷம் நானும் கூடப் போனேன். நான் மூன்று மாதக் கர்ப்பம். வண்டி குலுங்கும் குலுக்கலில் ஒரு வாய் சோறு வயிற்றில் தங்காது.

சித்தூரில் ஒருமுறை பின்பக்க இடது டயர் வெடித்தது. மாற்றிப் போட்டோம். மூன்றாம் நாள் கொல்லங்கோட்டுக் கடைத்தெருவுக்குள் நுழையும் இடத்தில் அதே இடத்து டயர் மறுபடி வெடித்தது. வண்டி ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டு போய்ப் பனைமரத்தில் இடித்து நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். என் கணவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

கடைத்தெருவில் டயர் விசாரித்தபோது, அரிசி மண்டி வைத்திருந்த ஒரு ராவுத்தர் எழுந்து வண்டியைப் பார்க்க வந்தார். முன்பு லாரி ஓட்டியவராம். மற்ற டயர்களைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

“இப்படிக் கொதிக்குதே! எத்தனை பவுண்டு காத்து வெச்சிருக்கீங்க?”

என் கணவர் மழுப்பினார்.

“உள்ளே எத்தனை கனம்னு தெரியாம காத்தைச் சொல்ல முடியாதுங்க. எல்லாத்தையும் எறக்குங்க, நிறுத்துப் பாத்தரலாம்.”

மண்டித் தராசில் எங்கள் குடித்தனமே ஏறியது. கட்டில், டிரம், கேமராப் பெட்டி, அண்டா, என் டிரங்குப் பெட்டி. வண்டியில் எது எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டுக் கேட்டு எடையை எழுதிக்கொண்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. 

“இன்னும் ஏதாச்சும் இருக்குதுங்களா, அம்மிணி?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மலைப்பாதை நினைவுக்கு வந்தது.

“பலகைக்கு அடியில ஒரு ஆட்டுக்கல் இருக்குதுங்க,” என்றேன்.

அம்மா கொடுத்த கல். வண்டிக்கு ஆகாது என்று இவர் சொல்லியிருந்தும், என் அண்ணனை விட்டுப் பின்பக்க இடது மூலையில் ஏற்றிச் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தேன். இரண்டு பேர் முக்கி முனகி இறக்கினார்கள். தராசு முள் போன தூரத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

ஆனால் இவர் தலையைக் குனிந்துகொண்டார். “தப்பு எம்மேலயுந்தானுங்க. குலுக்கல்ல இவ வாந்தி எடுக்கறாளேன்னு, பின் டயர்ல காத்தைக் கொறைச்சு வெச்சிருந்தேன்.”

அது எனக்கு அதுவரை தெரியாது.

ராவுத்தர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஒருத்தர் கனத்தைக் கூட்டுனா, ஒருத்தர் காத்தைக் கொறைச்சா, டயர் என்னங்க பண்ணும்?”

ராவுத்தரே தெரிந்த இடத்தில் சொல்லி ஒரு டயர் வரவழைத்து மாட்ட வைத்தார். சாமான்களைத் திரும்ப ஏற்றும்போது தண்ணீர் டிரம்மை வலது பக்கம் மாற்றினார். ஆட்டுக்கல்லை நடுவில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். முன்னுக்கு இத்தனை, பின்னுக்கு இத்தனை என்று பவுண்டுக் கணக்கைக் கதவின் உட்புறம் சாக்பீஸால் எழுதினார். “காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாதப்பவே அளந்துருங்க,” என்று இரண்டு தடவை சொன்னார். வியாபாரத்தை விட்டுவிட்டு அரை நாள் எங்களோடு நின்ற மனுஷர், என் கையால் ஒரு டம்ளர் காப்பி மட்டும் வாங்கிக் குடித்தார்.

காற்று கூடியதில் குலுக்கலும் கூடத்தான் செய்தது. இவர் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். மலையில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு நிறுத்தி, இருவரும் இறங்கி டயரைத் தொட்டுப் பார்த்தோம். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். மூணாறு போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. வழியெல்லாம் பேசிக்கொண்டே போனோம். அதற்கு முன்பு நாங்கள் அப்படிப் பேசியதே இல்லை.

இவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. தாலி கட்டியது வேறொரு நாள் என்றாலும், நாங்கள் புருஷன் பெண்டாட்டி ஆனது அந்த மண்டி வாசலில்தான் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.