ஃப்ளோரோசிஸ் என்று போட்டிருந்த பேப்பர்

பேப்பரில் புதிதாக ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பயம்தான். டெங்கு வந்தபோதும் அப்படித்தான், கொரோனா வந்தபோதும் அப்படித்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அர்த்தம் தெரியாவிட்டாலும் வரப்போகிற தொல்லை மட்டும் எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடுமாம், என் வீட்டுக்காரர் கேலி செய்வார். இந்தப் பயம் என்னைப் பிடித்தது ஆறாவது படிக்கும்போது.

எங்கள் ஊர் அரூருக்குப் பக்கம். போர் தண்ணீர் குடித்து வளர்ந்த எல்லோருக்கும் பல்லில் காவிக் கறை. அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. ஒழுங்காகப் பல் விளக்காதவர்கள் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். கொஞ்சம் நாங்களும் நம்பினோம். அப்பாவின் தங்கை, என் அத்தை, சாம்பல், உப்பு, செங்கல் பொடி என்று ஈறில் ரத்தம் வரும்வரை தேய்ப்பாள். கறை போகவில்லை. அதைப் பார்த்தே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக, ஆத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை அந்த வார்த்தை அச்சில் வந்தது. உள்பக்கத்தில் சின்னதாக, எங்கள் ஊர்ப் பெயரோடு. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமாம். அதனால் பல்லில் கறை விழுகிற நோய்க்கு ஃப்ளோரோசிஸ் என்று பெயராம். பேப்பர் வாங்குவது அப்பா, எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் வீட்டில் நான் மட்டும். திக்கித் திக்கி வாசித்து முடித்ததும் அத்தை, "இன்னொருக்கா படி" என்றாள். படித்தேன். "அந்தப் பேர மட்டும் படி" என்றாள். அவளுக்கும் என்னைப் போலவே பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா பேப்பரை என்னிடமிருந்து வாங்கி நாலாக மடித்தார். "கறைன்னா போயிரும்னு சொல்லிக்கலாம். நோவுன்னு அச்சடிச்சுட்டானே, இனி எவன் நம்ம வூட்டு வாசப்படி ஏறுவான்?"

யோசனை சொன்னவர் சித்தப்பா. மாப்பிள்ளை வீட்டார் எப்படியும் டீக்கடையில் இறங்கி விசாரிப்பார்கள். அவர்கள் கண்ணில் பேப்பர் படக்கூடாது. எங்கள் வீட்டுடையதோடு சேர்த்து ஊருக்கு வருவது ஆறு பேப்பர். அந்தப் பக்கத்தை அடையாளம் காட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சலூன்காரர், நாங்கள் கிழிப்பதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, உங்க ராசிக்கு ஏதாச்சும் தப்பா போட்டுட்டாங்களா?" என்றார். டீக்கடைப் பேப்பரில் அந்தப் பக்கம் போண்டா மடிக்கப் போயிருந்தது. வாங்கியவர் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே நின்று, எண்ணெய்க் காகிதத்தைக் கேட்டு வாங்கினேன். ஆறையும் கிணற்று மேட்டில் வைத்துக் கொளுத்தினோம். ஏழாவது எங்காவது இருக்குமோ என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா காபியை வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் சிரி கண்ணு, பாக்கலாம்" என்றார். வாயைத் திறக்காதே என்று அத்தைக்கு மூன்று நாளாகப் பாடம் நடந்திருந்தது. அவள் அத்தனை பல்லும் தெரியச் சிரித்தாள்.

"இது எங்க ஊரு தண்ணியால வந்ததுங்க. ஃப்ளோரோசிஸ்னு பேருங்க. நான் தெனம் ரெண்டு தடவ வெளக்குறவங்க."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"பேப்பர்லயே போட்டிருக்காங்க."

"எங்க, காட்டு."

அத்தை அப்பாவைப் பார்த்தாள்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் வரலீங்க. புள்ள தெரியாமப் பேசுது" என்றார் அப்பா.

அந்த அம்மா பாதிக் காபியோடு டம்ளரைக் கீழே வைத்தார். ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

கார் போனதும் அத்தை டம்ளர்களை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவளுக்குத் தைரியம் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

"பயப்படாத அத்தை. நம்ம வூட்டுப் பேப்பரையும் சேத்துக் கொளுத்தியாச்சு. ஒண்ணுகூட மிச்சமில்ல, நானே எண்ணிப் பாத்தேன்."

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு, கழுவி வைத்த டம்ளரையே எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள். பாராட்டுவாள் என்று நான் அங்கேயே காத்துக்கொண்டு நின்றேன்.