மஞ்சள் துண்டு ஒட்டிய பக்கம்

அந்தப் புத்தகம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. அதன் விளிம்பில் பச்சை, மஞ்சள், றோஸ் என்று ஒட்டுத்துண்டுகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒட்டியவள் என் மனைவி. மகள் கனடாவுக்குப் போன பிறகு, அறுபதை நெருங்கும் வயதில், சனி ஞாயிறு வகுப்புக்குப் போய்ப் பட்டம் படிக்கப்போவதாகச் சொன்னாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருந்த காலத்தில், பருப்புச் சுற்றிக்கொடுக்கிற பழைய கடதாசிகளை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். பாதியில் கிழிந்த கதைகள்தான் அதிகம். முடிவு தெரியாத கதைகள் எத்தனையோ இன்றைக்கும் தலைக்குள் கிடக்கின்றன.

கடைசி வருடம் ஒரு சிறுகதையை எடுத்து ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அது சரிவராவிட்டால் பட்டம் இல்லை. அவள் எடுத்தது, ஒரு வீட்டில் தனியே இருக்கிற பெண்ணைப் பற்றிய கதை. பெரிதாக ஒன்றும் நடக்காது. கூட்டுவாள், விளக்கு வைப்பாள், தெருவில் போகிற மீன்காரரை மறித்து விலை கேட்பாள். அந்தப் பெண் தனிமையில் வாடுகிறாள் என்று இவள் பக்கம் பக்கமாக எழுதினாள். விரிவுரையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். கதையில் எங்கே அப்படி இருக்கிறது, சான்று என்ன என்று கேட்டிருந்தாராம். வகுப்பில் இவளை அன்ரி என்று கூப்பிடுகிற பிள்ளைகளுக்கெல்லாம் சரிவந்துவிட்டது. வெள்ளவத்தையில் எங்கள் பல்கனிக்குக் கீழே றெயில் போகும், அப்பால் கடல். அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இனிப் படிக்கப்போவதில்லை என்றாள்.

ஆனாலும் அந்தச் 'சான்று' அவளை விடவில்லை. எனக்குப் பசியில்லை என்றால், "சான்று என்ன?" என்பாள். கால் நோகவில்லை என்று நான் நொண்டிக்கொண்டு வந்தாலும் அதே கேள்விதான். சிரிப்பாகத்தான் கேட்பாள். ஆனால் பதில் சொல்லுமட்டும் விடமாட்டாள்.

ஒருநாள் பின்னேரம் எனக்குக் கதையை முழுதாக வாசித்துக் காட்டினாள். எனக்குக் கதை, உண்மை என்ற வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கடைக்காரன் புத்தி வேறு. மீன்காரர் வருகிற இடம் திரும்பவும் வந்ததும் கோபம் வந்துவிட்டது.

"வாங்கிறதுமில்லை, ஒவ்வொரு நாளும் விலை கேக்கிறாள். உவளுக்கென்ன விசரே? பாவம், அந்த மனுசன்ர நேரத்தையெல்லோ வீணாக்கிறாள்."

அவள் வாசிப்பதை நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இஞ்சாருங்கோ, அவளோட கதைக்கிறதுக்கு வேற ஆரு இருக்கினம்?"

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவள்போல் இருந்தாள். பிறகு அந்தப் பக்கத்தில் மஞ்சள் துண்டை ஒட்டினாள். அன்றைக்குத் தேத்தண்ணி நான்தான் போட்டேன். திருப்பி எழுதிய கட்டுரை சரிவந்தது. பட்டமும் வாங்கினாள். அதற்கடுத்த மழைக்காலத்தில் கண்ணை மூடிவிட்டாள்.

எங்கள் ஒழுங்கைக்குள் ஒருவன் சைக்கிளில் மீன் கொண்டுவருவான். சத்தம் கேட்டதும் இறங்கிப் போவேன். பாரை என்ன விலை, சூரை என்ன விலை, கடல் எப்படி என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்பேன். வைத்தியர் மீனைக் குறைக்கச் சொன்னவர். தனி ஆளுக்கு ஒரு மீனை வெட்டி என்ன செய்வது? இன்றைக்குப் பெட்டியை மூடிக்கொண்டே, "வாங்கிறேல்லையெண்டால் ஏன் மாத்தயா ஒவ்வொரு நாளும் விலை கேக்கிறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டான். கோபமாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் படியேற நேரமெடுத்தது.

மேலே வந்தபோது மகளின் அழைப்பு.

"அப்பா, தனிய இருக்கிறது கஷ்டமா இருக்கே?"

"இல்லைப் பிள்ளை. ஒரு கஷ்டமுமில்லை."

மகள் நம்பிவிட்டாள். மேசையில் விசிறிக் காற்றுக்கு அந்த மஞ்சள் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.