கரியாலூருக்கு ஏறிய இரண்டு கார்கள்

எங்களுக்குக் கள்ளக்குறிச்சியில் இரும்புச் சாமான் கடை. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த அந்த வருஷத்தில்தான் என் வீட்டுக்காரர் ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினார். அதுவரை ஊரில் பெரிய குண்டுக் கார்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் காரைப் பார்க்க வந்தவர்கள் கதவைத் தட்டி, "தகரமா பாய்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

எல்லோரையும்விட அதிகமாகக் கேலி செய்தவர் அவருடைய பள்ளிக்கூட சிநேகிதர். ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு விவசாயம். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர் ஒருவரிடம் வாங்கியது. இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது, மூக்கு மட்டும் முக்கால் வண்டி நீளம்.

"காருன்னா ஸ்டார்ட் பண்ணதும் நெஞ்சு அதிரணும் பாய். உன்னுது தையல் மிஷின் மாதிரி கிர்ருனு ஓடிக்கினு இருக்குது," என்பார் அண்ணன்.

"உன்னுது ஓடறதைவிட ஒர்க்‌ஷாப்புல நிக்கறதுதான் ஜாஸ்தி மச்சான்," என்பார் இவர்.

பேச்சு முற்றி, கல்வராயன் மலையில் கரியாலூர் வரைக்கும் ஏறிப் பார்த்துவிடுவது என்று முடிவானது. மறியல் திங்கட்கிழமைதான் தொடங்கும் என்று ஊரில் பேசிக்கொண்டதால் அந்த ஞாயிற்றுக்கிழமையையே வைத்துக்கொண்டோம். ஆனால் சனிக்கிழமை கடையில் ஓர் இரும்புச் சட்டம் சரிந்து இவருடைய கால் கட்டைவிரலில் விழுந்துவிட்டது. காலையில் அண்ணன் தன் மனைவியோடு வந்து நின்றபோது, இவர் காலில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"தோத்துடுவோம்னு கட்டு போட்டுக்கினியா?"

"நான் ஓட்டலைன்னா இன்னா? இவ ஓட்டுவா," என்று என்னைக் காட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வற்றிக் கிடந்த ஏரியில் இவரே எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். லைசென்ஸும் வந்திருந்தது. ஆனால் மலை ஏறியதில்லை. மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணி என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்கண்ணே, போலாம்," என்றுதான் வாயில் வந்தது.

கச்சிராயபாளையம் வரைக்கும் நேர் ரோடு. அண்ணன் ஒரு மிதி மிதித்தார். சிவப்பு வண்டி உறுமிக்கொண்டு போய்ப் புள்ளியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் அந்தச் சத்தத்தில் எனக்கே ஆசை வந்தது. எங்கள் வண்டியை எவ்வளவு மிதித்தாலும் அது தன் வேகத்துக்குத்தான் போனது.

கோமுகி அணை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கதை மாறியது. "வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சிடு, நடுவுல குறைக்காத," என்றார் இவர். அப்படியே செய்தேன். சின்ன வண்டி முனகாமல் திரும்பித் திரும்பி ஏறியது. ஒரு வளைவில் அண்ணனின் கார் மூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு ஆவி விட்டபடி நின்றது. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றினோம். ஆறியதும் மறுபடி எங்களைத் தாண்டிப் போனார். வெள்ளிமலைக்கு முன்னால் மறுபடியும் ஆவி. இப்படியே முன்னும் பின்னுமாகக் கரியாலூருக்கு ஏறக்குறைய ஒன்றாகவே போய்ச் சேர்ந்தோம்.

மரத்தடியில் பிரியாணிச் சட்டியைத் திறந்தோம். யார் ஜெயித்தது என்ற சண்டை சோறு தீரும்வரை ஓயவில்லை. அண்ணி அதில் கலந்துகொள்ளவில்லை. காற்றில் சிக்கலான கூந்தலைப் பிரித்தபடி, "எறங்கும்போது நான் ஒங்கூட வரேம்மா," என்றார்.

இறங்கி ஊரை நெருங்கும்போது ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. மறியலை முந்தியே தொடங்கிவிட்டார்கள். மரத்தின்மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை நிறுத்தினேன். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா, நீயா ஓட்டிக்கினு வர்ற?"

"ஆமாங்க. மலைக்குப் போய்ட்டு வரோம். இவருக்குக் கால்ல அடி."

அவர் காரைச் சுற்றி வந்து கூரையில் தட்டினார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "வாங்கடா, தூக்கிடலாம். வெயிட்டே இல்ல," என்றார். நாங்கள் இறங்கினோம். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கல்யாணச் சீர்க் கட்டிலைத் தூக்குவதுபோலச் சிரித்துக்கொண்டே தூக்கி, காரை மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

அப்போது சிவப்புக் காரும் வந்து சேர்ந்தது. அதையும் பிடித்துப் பார்த்தார்கள். முன்பக்கத்தைக்கூட அசைக்க முடியவில்லை.

"எதுக்குண்ணே இதுல இம்மாம் இரும்பு?" என்று கேட்டார் வேட்டிக்காரர். அண்ணனே சிரித்துவிட்டார். அவர்களும் அண்ணனின் சாதிக்காரர்கள்தான். ஆனால் இடஒதுக்கீடு கேட்டு நடந்த எந்தக் கூட்டத்துக்கும் அவர் அதுவரை போனதில்லை. இறங்கி மரத்தின்மேல் உட்கார்ந்தார்.

"ஒனக்குப் புள்ளைங்க எத்தினி?" என்று வேட்டிக்காரரைக் கேட்டார்.

"ஒரே பொண்ணுண்ணே. நல்லா படிக்கும். நர்சாவணும்னு ஆசை. சீட்டு கெடைக்கணுமே."

அண்ணன் கார்ச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்து, "நீங்க போங்க பாய். நான் இவங்களோட குந்திக்கினு இருக்கேன்," என்றார். அண்ணியை நான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

மறியல் ஓய்ந்ததும் அண்ணன் சிவப்புக் காரோடு கடைக்கு வந்தார். வெயிலில் உட்கார்ந்து முகம் கறுத்திருந்தது. பேச்செல்லாம் அந்த மனிதரைப் பற்றியும் அவர் மகளைப் பற்றியும்தான். அடுத்தடுத்த வருஷங்களில் இடஒதுக்கீடு வந்து, அந்தப் பெண்ணுக்கு நர்சிங் சீட்டுக் கிடைத்த செய்தியையும் அவர்தான் ஓடிவந்து சொன்னார்.

கார் பேச்சும் முடிந்துவிடவில்லை. "பிக்கப்புல என்னுதுதான் ராஜா," என்றார். "மலையில உன்னுது. ஒத்துக்கறேன் தங்கச்சி." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்க அண்ணிக்கும் ஓட்டக் கத்துக்குடேன். அன்னிலேர்ந்து இதே பேச்சு," என்றார்.

அதே வறண்ட ஏரியில் அண்ணிக்கு நான் கற்றுக்கொடுத்தேன். கிளட்ச்சை விடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். அந்தப் பழக்கம் போவதற்கே ஒரு மாதம் ஆனது. மழைக்காலம் முடிந்து ஒருநாள் அவர் தனியாக ரிஷிவந்தியத்திலிருந்து எங்கள் கடைக்கு வந்தார், புதிதாக வாங்கிய சின்னக் காரில். கடை வாசலில் இரும்பு நிறுக்கும் தராசுக்குக் குறுக்கே கோணலாக நிறுத்திவிட்டு, எடை போட நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, சாவியைச் சுழற்றிக்கொண்டே இறங்கினார்.