ஏலத்தில் எடுத்த காற்று

யமுனைக் கரையிலிருந்த பாய்மரப் படகு கிளப்பில், ஏழை நோயாளிகளுக்காக நிதி திரட்டும் விழா நடந்தது. குளிர்கால வெயிலில் ஆற்றின் நாற்றம்கூட அன்று கொஞ்சம் இரக்கம் காட்டியது. படகுச் சவாரியை ஏலம் விட்டபோது, விடாமல் கேட்டு எடுத்தவர் கரோல் பாக்கிலிருந்து வந்த ஒரு நரைமுடி அம்மாள். அடிக்கடி விரலை நாக்கில் தொட்டு, காற்று வருகிறதா என்று உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்று வந்ததும் பக்கத்திலிருந்த என்னிடம், "படகுல நீங்க போய்ட்டு வாங்கோ" என்றார்.

"நீங்கதானே ஆசையா எடுத்தீங்க?"

"அரே, படகுல உக்காந்தா பாய் முழுசாத் தெரியாது. இங்கேர்ந்து பாத்தாத்தான் எனக்குத் திருப்தி."

நடு ஆற்றில், நான் ஏறிய படகின் பாய் புடைத்து விரிந்தது. அவருக்காகப் பெருமையோடு கரையைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் கண்களை மூடி உட்கார்ந்திருந்தார். விரல் மட்டும் காற்றில் உயர்ந்திருந்தது.

எந்தப் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ!