ஜன்னலில் தெரியாத வக்கீல்

எங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டில் வக்கீலை ஜன்னல் வழியாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு பத்திரிகைக்குத் திருவண்ணாமலைச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். செய்தி கிடைக்கும் இடங்களில் கோர்ட்டும் ஒன்று என்பதால் வாரத்தில் பாதி நாள் அங்கேதான் இருப்பேன். கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்தும் செங்கம் பக்கமிருந்தும் காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள், தங்கள் பெயரைக் கூப்பிடும் வரை உள்ளே வரமாட்டார்கள். வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. வரமாட்டார்கள், அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டு வராந்தாவில் நின்று, கம்பி போட்ட ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். ஜன்னல் உயரத்தில் இருந்தது. உள்ளே நிற்பவர்களின் தோளும் தலையும் மட்டும் தெரியும். மின்விசிறிச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. யார் எழுந்து நிற்கிறார், யார் கையை வீசுகிறார், யாரைப் பார்த்து முன்சீப் தலையாட்டுகிறார் என்பதை வைத்து அடுத்த வழக்கை யாரிடம் கொடுப்பது என்று வராந்தாவிலேயே முடிவாகிவிடும்.

என் தம்பி அந்த ஜன்னலில் தெரியவே மாட்டான்.

ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. சட்டம் படித்து முடித்து, ஊரில் பெயர் பெற்ற ஒரு சீனியரிடம் மூன்று வருஷம் ஜூனியராக இருந்தான். சீனியர் ஆறடி மனிதர். அவர் எழுந்தாலே பெஞ்சு ஒரு சத்தம் போடும். அவருக்குப் பின்னால் வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு இவன் போவான். தையல்காரர் வக்கீல் கவுனை எவ்வளவு வெட்டியும் அது கணுக்காலில் புரளும். வக்கீல்கள் சங்க அறையில் ஒருவர் தினமும் சொல்வார்: "டேய், வழி விடுங்கடா, கவுன் மட்டும் தனியா நடந்து வருது." எல்லோரும் சிரிப்பார்கள். தம்பியும் சிரிப்பான். அது அந்த அறையில் அவன் கொடுக்க வேண்டியிருந்த வாடகை.

அந்தக் காலத்தில் குதிகால் உயர்ந்த பூட்ஸ் நாகரிகமாக இருந்தது. சென்னைக்குப் போன தம்பி ஒரு ஜோடி வாங்கி வந்தான். கோர்ட் ஹாலின் கல் தரையில் அது டக் டக்கென்று கேட்டது. முன்சீப் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் பூட்ஸ் வீட்டுப் பரணுக்குப் போனது.

சீனியரின் குமாஸ்தாவுக்கு இவன் மேல் பிரியம் உண்டு. அவர்தான் ஒருநாள் வெளிப்படையாகச் சொன்னார்.

"தம்பி, நீங்க எழுதற பிராது மாதிரி இந்த ஊர்ல யாரும் எழுத முடியாது. எழுதிக்கிட்டே இருங்க. பேசறத ஐயா பாத்துக்கட்டும். கட்டு குடுக்கறவன் ஆளைப் பாத்துத்தான் குடுப்பான்."

"நான் ஆள் இல்லியா?"

"ஆளுதான். ஆனா தெரியணுமே."

அந்த வருஷமே தம்பி தனியாகப் போர்டு மாட்டினான். போர்டை மட்டும் நல்ல உயரத்தில் மாட்டினான்.

ஒரு வழக்கில் வக்கீலை மாற்றுவதென்றால் பழைய வக்கீல், தனக்கு ஆட்சேபணை இல்லை என்று புதிய வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தம்பியிடம் வந்த சில வழக்குகளும் இந்தக் கையெழுத்தோடு ஒவ்வொன்றாகப் போயின. வந்தவர்கள் யாரும் அவனைத் திட்டவில்லை. "தப்பா நெனைக்காதீங்க, மச்சான் சொல்றான்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வார்கள். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு, மோர் சாப்பிட்டுப் போகச் சொல்வான்.

சென்னையில் எங்கள் மாமா ஒருவர் வேலை பார்த்த கம்பெனியில் சட்டப் பிரிவுக்கு ஆள் தேவைப்பட்டது. மேஜையில் உட்கார்ந்து ஒப்பந்தங்கள் எழுதும் வேலை. மாதச் சம்பளம். தை பிறந்ததும் சேர வேண்டும், மார்கழிக்குள் பதில் சொல்லிவிடு என்று மாமா சொல்லியிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் அது சரியென்றே பட்டது. எனக்கும்தான். கோர்ட்டில் நின்று பேச வேண்டும் என்ற ஒன்றுக்காகத்தான் அவன் சட்டமே படித்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்போது அவனிடம் விசாரணைக் கட்டத்துக்கு வந்திருந்த வழக்கு ஒன்றே ஒன்றுதான். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்துப் பெண்மணி ஒருவர் போட்ட வழக்கு. கணவர் இறந்த பிறகு, கணவருடைய அண்ணன் பொதுக் கிணற்றில் மோட்டார் வைத்துவிட்டு இந்த அம்மாவுக்குத் தண்ணீர் முறை கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்த நிலம் எப்போதுமே மானாவாரிதான், கிணற்றில் பங்கே இல்லை என்பது அவர் வாதம். தண்ணீர் இல்லாமல் அந்த அம்மா நிலக்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லை ஒரு பருவம் காய்ந்தே போயிருந்தது.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் அந்த அம்மா தம்பியின் அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். கையில் புதிய வக்காலத்து. இடுப்பில் சுருக்குப் பை. உட்காரவில்லை.

"ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துடுங்க வக்கீலய்யா."

"என்னம்மா ஆச்சு?"

"போன வாய்தாவுக்கு ஜன்னல்லயே நின்னேன். அவங்க வக்கீல் எந்திரிச்சாரு, பேசினாரு, உக்காந்தாரு. நீங்க எந்திரிக்கவே இல்லியே. என் கேசுக்கு எந்திரிக்கக்கூட இல்லன்னா நான் எங்க போறது?"

"எந்திரிச்சேம்மா. ரொம்ப நேரம் பேசினேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் அன்றைக்குக் கோர்ட்டில் இருந்தேன். "பேசினான்மா" என்றேன்.

"அண்ணன் தம்பிக்குத்தான் சொல்லுவாரு" என்றார் அவர்.

தம்பி வக்காலத்தை மேஜை மேல் வைக்கச் சொல்லவில்லை. அவரிடமே வைத்துக்கொள்ளச் சொன்னான்.

"அடுத்த வாய்தாவுல அவங்க சாட்சிய நான் குறுக்கு விசாரணை பண்ணணும். அதுக்கு மட்டும் இருந்து பாருங்க. பிடிக்கலன்னா அங்கயே கையெழுத்து போட்டுத் தர்றேன். ஆனா ஜன்னல்ல நிக்கக் கூடாது. உள்ள வந்து உக்காரணும்."

"உள்ளயா? முன்சீப்பு தொரத்துவாரு."

"உங்க கேசும்மா அது. யாரும் தொரத்த மாட்டாங்க."

வாய்தா நாளில் அந்த அம்மா உள்ளே வந்தார். கடைசி பெஞ்சின் ஓரத்தில், எழுந்து ஓடத் தயாராக இருப்பவர் மாதிரி உட்கார்ந்தார். எதிர்த்தரப்புச் சாட்சி, பக்கத்து நிலத்துக்காரர். நல்ல உயரம், பெரிய மீசை. கூண்டிலேறி நின்றபோது இன்னும் உயர்ந்து தெரிந்தார். அந்த அம்மா அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்து தான் பார்த்ததே இல்லை என்று, எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதற்கெல்லாம் தடங்கலில்லாமல் சொன்னார். சொல்லிக் கொடுத்ததை நன்றாகவே மனப்பாடம் செய்திருந்தார்.

தம்பி எழுந்தான். அவன் முன்னால் மேஜையில் கட்டுகள் அடுக்கியிருந்தன. முதல் கேள்வியைக் கேட்டான். முன்சீப் பேனாவைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தார்.

"குரல் கேக்குது. வக்கீல் எங்க?"

ஹால் முழுவதும் சிரித்தது. பின்னால் திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தேன். சுருக்குப் பையை இறுகப் பிடித்திருந்தார்.

சிரிப்பு அடங்கும் வரை தம்பி காத்திருந்தான். "எனக்கும் சாட்சி தெரியலைங்க. கூண்டுக்குப் பக்கத்துல போய் நின்னு கேக்க அனுமதி வேணும்" என்றான். முன்சீப் போகலாம் என்று கையைக் காட்டினார்.

மேஜையைச் சுற்றிக்கொண்டு போய்க் கூண்டின் அடியில் நின்றான். அவன் தலை கூண்டின் கட்டைக்குச் சற்று மேலே இருந்தது. சாட்சி அவனைக் குனிந்து பார்த்தார். அதுவரை விறைப்பாக நின்றவர் இரண்டு கையையும் கட்டையில் ஊன்றிக்கொண்டார். முகம் தளர்ந்தது. வரப்பில் நின்றுகொண்டு, கீழே சேற்றில் நிற்பவனிடம் பேசுகிற ஆள் மாதிரி ஆகிவிட்டார்.

"உங்களுக்கு அந்தக் கிணத்துல தண்ணி உண்டுங்களா?"

"எனக்கு எதுக்கு தம்பி? எனக்குச் சொந்தக் கிணறு கீது."

"வக்கீல் ஐயான்னு சொல்லுங்க" என்றார் முன்சீப்.

"சின்னப் புள்ளயாட்டம் கீறாரு சாமி, வாயில வர மாட்டேங்குது."

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை தம்பியும் சேர்ந்து சிரித்தான்.

"பொதுக் கிணத்துல தூர் எடுக்கறதுன்னா யாரு எடுப்பாங்க? எனக்குத் தெரியாது, டவுன்ல வளந்தவன்."

"அது என்ன தம்பி, பங்குக்காரங்க எல்லாரும் வூட்டுக்கு வூடு ஆள் அனுப்பணும். அனுப்பலன்னா மொற கெடையாது. ஊர் வழக்கம்."

"பங்கு இல்லாதவங்க ஆள் அனுப்புவாங்களா?"

"எவன் அனுப்புவான்? பைத்தியக்காரனா?"

"கடைசியா அதுல தூர் எடுத்தப்ப நீங்க ஊர்ல இருந்தீங்களா?"

"இருந்தேனாவா? அத்தன சேத்தையும் என் வரப்பு மேல கொட்டிட்டானுங்க தம்பி! நான் போயி ஒரே சண்ட."

"அப்படியா? யார் ஆளுங்க கொட்டினது?"

"இதோ இந்த அம்மா அனுப்பின ஆளுங்கதான்! ரெண்டு பேரு. கேட்டா எங்கள ஏன் கேக்கற, அந்தம்மாகிட்ட போயி கேளுன்னு…"

அங்கே நின்றுவிட்டார். கை கட்டையிலிருந்து மெல்ல இறங்கியது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "சாட்சி வக்கீலைப் பாக்காம கோர்ட்டைப் பாத்து சொல்லணும்" என்றார். முன்சீப் நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். "கேட்டாச்சு, உக்காருங்க" என்றார். தம்பி வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினான்.

வராந்தாவில் அந்த அம்மா நின்றிருந்தார். தம்பி பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டான்.

"குடுங்கம்மா, போட்டுத் தர்றேன்."

"எதுக்கு?"

"நீங்கதானே கேட்டீங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும்." சுருக்குப் பையை இடுப்பில் செருகிக்கொண்டார். "ஆனா கொஞ்சம் சத்தமா பேசுங்க வக்கீலய்யா. கடைசி பெஞ்சுக்குப் பாதிதான் கேட்டுச்சு."

நான் இதை அப்போதும் பெரிதாக எண்ணவில்லை. ஒரு சாட்சி வாய் தவறினார் என்பது ஒரு வழக்கின் செய்தி. ஒருவன் தொழிலில் நிற்பான் என்பதற்கு அது போதாது. அதற்குப் பிறகு பல வருஷம் பார்த்ததை வைத்துச் சொல்வதென்றால், உயரம் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது நிறைய. அவனோடு தொடங்கிய உயரமானவர்களுக்கு முதல் வருஷத்திலேயே வந்த வழக்குகள் அவனுக்கு வர எண்பதுகளின் நடுப்பகுதி ஆயிற்று. புதிதாக வந்த நீதிபதிகள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அவனைத் தேடினார்கள். அரசு வக்கீல் பதவிக்குப் பெயர் அடிபட்டபோது, அதற்கு ஒரு தோரணை வேண்டும் என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது, வேறொருவருக்குப் போயிற்று. ஆனால் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய வழக்கு என்றால் மற்ற வக்கீல்களே அவனைக் கூட்டிக்கொண்டு போகிற நிலையும் வந்தது. உயரமானவர் கேட்டால் சாட்சி பதில் சொல்வார். இவன் கேட்டால் விளக்கம் சொல்வார். விளக்கத்தில்தான் வழக்கு இருக்கிறது என்பதை அவன் அன்றைக்குக் கூண்டின் அடியில் கண்டுபிடித்திருந்தான். பழைய சீனியரும் ஒருமுறை தன் கட்டு ஒன்றை அனுப்பினார். அவர் குமாஸ்தாவே அதைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த மார்கழியில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. கிணற்று வழக்கில் தீர்ப்பு இன்னும் வரவில்லை. மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தம்பி சென்னைக்குப் போவது பற்றி எதுவும் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. அம்மா அவனுக்கு இரண்டு புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார்.

ஒருநாள் காலை நானும் அவனும் அவன் அறையில் இருந்தபோது வாசலை மறைத்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். மீசையைப் பார்த்ததும் இருவருக்கும் அடையாளம் தெரிந்தது. கூண்டில் நின்ற அதே சாட்சி. தம்பி எழுந்தான். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நானும் நினைத்து நாற்காலியைத் தள்ளினேன்.

அவர் தலை குனிந்து நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். கக்கத்தில் மஞ்சள் பை.

"வக்கீலய்யா, எனக்கு ஒரு கேசு."

தம்பி பெஞ்சைக் காட்டினான்.

"எம் பங்காளி வரப்பத் தள்ளிப் போட்டுட்டான். பெரிய வக்கீல் ஒருத்தர்கிட்ட போலாம்னு வூட்ல சொன்னாங்க. நான் வேணாம்னுட்டேன்."

"என்கிட்ட எதுக்குங்க வந்தீங்க? அன்னிக்கு நான் உங்கள அப்படிப் பண்ணேனே."

"அதுக்குத்தான் வந்தேன்!" மீசைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு அசைந்தது. "எவ்ளோ சொல்லிக் குடுத்தாங்க தெரியுமா எனக்கு? ரா முச்சூடும். நீங்க வந்து கீழ நின்னு தெரியாதவராட்டம் கேட்டீங்க பாருங்க, எல்லாம் போச்சு. அந்தப் பங்காளிப் பயலும் என்னாட்டம் ஒரு ஆளத்தான் சாட்சிக்குக் கொண்டாருவான். அவனையும் அப்படி நின்னு கேளுங்க."

"வரப்பு நெசமாவே யாருதுங்க?"

"என்னுதுதான்" என்றார். பிறகு, "முக்காவாசி" என்றார்.

தம்பி சிரித்துவிட்டான். வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"அண்ணா, நீ போஸ்ட் ஆபீஸ் பக்கம்தானே போற? மாமாவுக்கு ஒரு தந்தி குடுத்துடு. வரலைன்னு."

"யோசிச்சுட்டியாடா?"

"அவரு கால் மணி நேரமா காத்துக்கிட்டிருக்காருண்ணா" என்றான். வந்தவர் உட்கார்ந்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. தம்பி அதற்குள் அவர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்தக் கால்வாசி எதுங்க, மொதல்ல அதச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.